நிறுத்தத் தெரிந்த பிறகே சுழல விடுங்கள்

பழைய சாமானில் சிறு காற்றாலை: செட்டிநாட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காரைக்குடியில் பழைய சாமானுக்குப் பஞ்சமே இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குத் தூணிலிருந்து எனாமல் தூக்குவாளி வரை கிடைக்கும். காயலாங்கடைகளில் ஓடாத மின்விசிறி, துருவேறிய ஜி.ஐ. குழாய், மொபெட் ஃபோர்க், போர்டு எரிந்த இன்வெர்ட்டர் எல்லாம் எடை போட்டுத் தருவார்கள். இவற்றைச் சேர்த்துச் சின்னதாக ஒரு காற்றாலை செய்து, தோட்டத்து மோட்டார் கொட்டகையில் ஒரு விளக்கு எரிய வைக்கலாமா? தாராளமாக. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். தச்சு, வெல்டிங், வைண்டிங், மின்னியல் என்று நான்கு தொழிலையும் ஒரே வேலையில் தொட்டுப் பார்த்துவிடலாம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் மார்க்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர், மாட்டுவண்டிச் சக்கரத்தை நடுவில் வைத்து, அதில் மூங்கில் கட்டி, துணிப்பாய் விரித்து, தண்ணீர் இறைக்கும் காற்றாலை ஒன்றை அமைத்தார். ஆப்பிரிக்காவின் மலாவியில் 2001-02 பஞ்சத்தின்போது கட்டணம் கட்ட வழியில்லாமல் பள்ளியை விட்ட வில்லியம் காம்குவாம்பா, ஊர் நூலகப் புத்தகத்தைப் பார்த்து, டிராக்டர் விசிறி, சைக்கிள் டைனமோ, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டில் விளக்கேற்றினார். ஸ்காட்லாந்தில் மின்கம்பி எட்டாத ஸ்கோரைக் என்ற ஊரில் வாழ்ந்த ஹியூ பிகாட், காந்தத் தட்டும் கையால் சுற்றிய காயிலும் கொண்டு ஜெனரேட்டர் செய்யும் முறையை உலகம் முழுவதும் பரப்பினார். அந்த முறையில் ஆரோவில்லின் 'மின்வாயு' குழுவினர் காற்றாலைகள் செய்து, பிறருக்கும் பயிற்சி அளித்தார்கள்.

காற்றாலையைச் சுழல வைப்பது பெரிய காரியமில்லை. ஆடி மாதத்து மதியக் காற்றில் அதை நிறுத்துவதுதான் காரியம். நிறுத்த வழியில்லாத காற்றாலை இறக்கையை உடைக்கும், காயிலை எரிக்கும், கம்பத்தைச் சாய்க்கும், கீழே நிற்பவரைக் காயப்படுத்தும். அதனால் கீழே உள்ள விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி இருக்கிறது: எந்த நேரத்திலும், தரையில் நின்றபடியே நிறுத்த முடிந்தால் மட்டும் சுழல விடுங்கள்.

1. தொடங்கும் முன்: காற்றைக் கணக்கெடுங்கள்

தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்களை ஒட்டி நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிப் பாய்கிறது. செட்டிநாடோ கணவாய்க்கு நேரே அமையாத சமவெளி. இங்கே காற்று உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்காகும். 1 மீட்டர் விட்டமுள்ள சுழலியின் வட்டத்தைக் கடக்கும் காற்றில், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சுமார் 12 வாட், 5 மீட்டரில் 56 வாட், 8 மீட்டரில் 230 வாட் சக்தி இருக்கும். இதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இயந்திரமும் எடுக்க முடியாது. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் காட்டிய எல்லை இது. கையால் செய்த இயந்திரத்தில் கால் பங்கு கிடைத்தாலே நல்ல வேலை. அப்படியானால் முறையே 3, 14, 58 வாட்.

செய்ய வேண்டியவை

- கம்பம் நடப்போகும் இடத்திலேயே காற்றைக் குறித்து வையுங்கள். கையடக்கக் காற்றுவேகமானி இல்லாவிட்டால் மரத்தைப் பாருங்கள். போஃபர்ட் அளவுகோலின்படி, இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 3.4 முதல் 5.4 மீட்டர்; புழுதி கிளம்பிச் சிறு கிளைகள் அசைந்தால் 5.5 முதல் 7.9; சிறு மரம் முழுதாக ஆடினால் 8-ஐத் தாண்டிவிட்டது.
- எதற்காக இந்த மின்சாரம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விநாடிக்கு 4 மீட்டர் காற்று எட்டு மணி நேரம் அடித்தால் இந்தச் சுழலி சுமார் 56 வாட்-மணி தரும். பேட்டரி இழப்பு போக, 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம் எரியும். அந்த அளவுக்குத் திட்டமிடுங்கள்.
- சூரியத் தகட்டோடு சேர்த்து யோசியுங்கள். 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி தரும். வெயில் பகலுக்குத் தகடு, காற்றடிக்கும் இரவுக்கும் மேகமூட்டத்துக்கும் காற்றாலை என்பது நம் ஊருக்குப் பொருந்தும் கூட்டு.

செய்யக்கூடாதவை

- ஆடிக் காற்றை மட்டும் வைத்து வருடக் கணக்கு போடாதீர்கள். காற்று ஓய்ந்த வாரங்களும் கணக்கில் வர வேண்டும்.
- வீடு முழுக்க கரண்ட் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிணற்று மோட்டார் இதில் ஓடாது.
- பறவைகள் கூடும் நீர்நிலைக் கரையில் நடாதீர்கள். திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். வலசை வரும் பறவை மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத மக்கள் வாழும் மாவட்டம் இது. நம் இறக்கை அந்த மரியாதையைக் கெடுக்கக்கூடாது.

2. காயலாங்கடையில்: எதை எடுப்பது, எதை விடுவது

ஜெனரேட்டருக்கு இரண்டு குணம் வேண்டும். உள்ளே நிலைக்காந்தம் இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினாலும் போதிய வோல்ட் தர வேண்டும். இந்த இரண்டும் உள்ள பழைய சாமான் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன். அதில் எலெக்ட்ரானிக் போர்டு எரிந்துபோனாலும் காந்தமும் காயிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபேன் சர்வீஸ் செய்யும் கடையில் கேட்டால் ஒதுக்கிப் போட்டது ஒன்று கிடைக்கும். வெளி உருளை சுழலும் அமைப்பும், இறக்கை மாட்டத் துளைகளும் தயாராக இருக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே சோதித்துவிடலாம். போர்டைக் கழற்றினால் காயிலிலிருந்து மூன்று ஒயர் வெளியே வரும். மூன்றும் தனித்தனியே இருக்கும்போது உருளையைக் கையால் சுற்றுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துச் சுற்றுங்கள். கை இடறி இடறிப் போகும். மூன்றையும் சேர்த்து முறுக்கினால், கெட்டிக் கூழில் துடுப்பைச் சுற்றுவது போல இழுக்கும். எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரே அளவு இடறல் இருந்தால் காயில் நல்லது. ஏதாவது ஒரு ஜோடியில் இடறலே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது. எதையும் சேர்க்காதபோதே கனமாக இழுத்தால் உள்ளே ஷார்ட் இருக்கலாம். கையில் உணர்ந்த அந்த இழுவையை நினைவில் வையுங்கள். நாளைக்கு உங்கள் பிரேக் அதுதான்.

செய்ய வேண்டியவை

- டிரில் மெஷினில் மாட்டி, நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்றில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 1 மீட்டர் சுழலி, 4 மீட்டர் காற்றில் ஏறக்குறைய 380 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் இரண்டு ஒயருக்கு இடையே ஏ.சி. 11 வோல்ட் வந்தால், டயோடு தாண்டி டி.சி. 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது போதும்.
- இரண்டு பேரிங்கையும் புதிதாக மாற்றுங்கள். பழையதன் மேல் பொறித்த எண்ணையே கேட்டு, மூடி வைத்த பேரிங்காக வாங்குங்கள். தலைகீழாகத் தொங்கி ஓடிய ஃபேன் இனிமேல் படுத்தவாக்கில், காற்றின் தள்ளுதலைத் தாங்கி ஓடப்போகிறது.
- முன்பக்கத்துக்கு மழைமூடி போடுங்கள். ஓட்டையில்லாத பழைய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று கச்சிதமாக உட்காரும்.
- பேட்டரி ஸ்கூட்டரின் ஹப் மோட்டார் கிடைத்தால் விடாதீர்கள். அதிலும் நிலைக்காந்தம் உண்டு, அச்சும் பேரிங்கும் உறுதியானவை.

செய்யக்கூடாதவை

- சாதாரணப் பழைய சீலிங் ஃபேனை வாங்காதீர்கள். அதில் காந்தம் கிடையாது. எவ்வளவு சுற்றினாலும் தானாக மின்சாரம் தராது.
- கார் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டாதீர்கள். அது என்ஜின் வேகத்துக்குச் செய்தது, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டினால்தான் சார்ஜ் ஏறும். போதாக்குறைக்கு அதன் ஃபீல்டு காயிலே பேட்டரியிலிருந்து கரண்ட் குடிக்கும்.
- ஃபேன் மோட்டாரின் அளவை மீறி எதிர்பார்க்காதீர்கள். ஏறக்குறைய 30 வாட்டுக்குச் செய்த காயிலில் நெடுநேரம் 60 வாட் ஓடினால் வார்னிஷ் கருகும்.
- செம்புக்காக ஒயரை எரிக்காதீர்கள். உறை எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு. மிஞ்சிய போர்டுகளைக் குப்பையில் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.
- காற்றாலைக்காக உங்கள் வீட்டுத் தேக்கு உத்திரத்திலும் ஜன்னல் கம்பியிலும் கை வைக்காதீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பிரித்தெடுத்த வீட்டை யாராலும் திரும்பக் கட்ட முடிவதில்லை.

3. இறக்கை: எடையும் சமநிலையும்

முதல் காற்றாலைக்கு 6 அங்குல பி.வி.சி. குழாயில் மூன்று இறக்கை போதும். நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் ஒரு துண்டுக்கு ஒரு இறக்கை. தப்பினால் இன்னொன்று மிச்சம். மரவேலை தெரிந்தவர்கள் முடிச்சில்லாத, நேர் இழையோடும் மரத்தில் செதுக்கலாம்.

விநாடிக்கு 8 மீட்டர் காற்றில் இறக்கையின் நுனி அதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில், மணிக்கு 144 கிலோமீட்டரில் பறக்கும். அந்த வேகத்தில் 20 கிராம் எடை வித்தியாசம்கூடக் கம்பத்தையே நடுங்க வைக்கும்.

செய்ய வேண்டியவை

- அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, அதையே மூன்றுக்கும் வைத்து வரையுங்கள்.
- குழாயின் குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். காற்றைக் கிழித்துப் போகும் முன் விளிம்பை உருட்டுங்கள். பின் விளிம்பை மெல்லியதாக இழையுங்கள். அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல்.
- மளிகைக்கடை மின்தராசில் மூன்றையும் நிறுத்து, கனமானதை இழைத்துச் சமப்படுத்துங்கள். மாட்டிய பிறகு நுனிக்கும் நுனிக்கும் உள்ள மூன்று இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பாருங்கள்.
- காற்றில்லாத அறையில் சுழலியை மெல்லத் தட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சமநிலை சரி. ஒரே இறக்கை அடியில் வந்து நின்றால், எதிர்ப்பக்கம் வாஷர் சேருங்கள்.
- பி.வி.சி.க்கு வெளிர்நிற பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள். நம் ஊர் வெயிலில் வெறும் குழாய் வறண்டு நொறுங்கும்.

செய்யக்கூடாதவை

- சாக்கடைக்குப் போடும் மெல்லிய குழாயில் இறக்கை வெட்டாதீர்கள். மோட்டார் லைனுக்குப் போடும் கனமான குழாயாக எடுங்கள்.
- தகரத்தில் இறக்கை வெட்டாதீர்கள். மடங்கி மடங்கி ஒருநாள் விரிசல் விடும். பறந்து விழும் தகரம் கத்திக்குச் சமம்.
- பி.வி.சி.யை நெருப்பில் காட்டி வளைக்காதீர்கள். வரும் புகையில் அமிலவாயு உண்டு.
- சாதா நட்டோடு விட்டுவிடாதீர்கள். உள்ளே நைலான் வளையமுள்ள பூட்டு நட்டும், பெரிய வாஷரும் போடுங்கள்.

4. கழுத்தும் வாலும்: காற்றுக்கு வழிவிடும் அமைப்பு

காற்றாலை காற்றின் பக்கம் திரும்ப வேண்டும்; காற்று மிஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டும். திரும்புவதற்கு மொபெட்டின் ஹேண்டில்பார்க் கழுத்து அருமையாக உதவும். கோன் செட்டோடு அப்படியே அறுத்து எடுத்து, கம்பத்தின் தலையில் பற்றவைக்கலாம்.

தானாக விலகுவதற்குச் சுழலியின் மையம் கழுத்தின் மையத்திலிருந்து சற்றுப் பக்கவாட்டில் விலகி இருக்க வேண்டும். வாலைச் சாய்வான கீலில் மாட்ட வேண்டும். பலத்த காற்று சுழலியைப் பக்கவாட்டில் தள்ளும். வால் தன் எடையால் முடிந்தவரை தடுக்கும். காற்று அதையும் மிஞ்சும்போது கீல் மடங்கி, சுழலி காற்றுக்கு ஓரமாகத் திரும்பிவிடும். காற்று தணிந்ததும் வாலின் எடை அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஆள் இல்லாத நேரத்தில் இயந்திரத்தைக் காப்பது இந்த எளிய கீல்தான்.

செய்ய வேண்டியவை

- வால் முழுதாக மடங்கும்போது இறக்கையைத் தொடாதபடி ஒரு தடுப்புக்கட்டை பற்றவையுங்கள்.
- ஒயரைக் குழாய்க்குள்ளே தளர்வாகத் தொங்க விட்டு, அடியில் ஒரு பிளக் போடுங்கள். மாதம் ஒருமுறை, காற்றில்லாத நேரத்தில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி முறுக்கை எடுத்தால் போதும்.
- இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் கிரீஸ் தடவி, மேலே பெயிண்ட் அடியுங்கள். இரு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் அவற்றில் ஒன்று வேகமாக அரிபடும்.

செய்யக்கூடாதவை

- வாலை அசையாமல் பற்றவைத்துவிடாதீர்கள். முதல் சூறைக்காற்று வரை மட்டுமே அது நிலைக்கும்.
- மையமும் மையமும் நேராக இருக்கும்படி ஜெனரேட்டரை மாட்டாதீர்கள். நேர்கோட்டில் இருந்தால் விலகவே விலகாது.

5. இடமும் கம்பமும்: உயரம்தான் உண்மையான மூலதனம்

காற்று விநாடிக்கு 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்ந்தால் சக்தி 2.4 மடங்காகும். அந்த ஒரு மீட்டர் வித்தியாசம் பெரும்பாலும் உயரத்தில் கிடைத்துவிடும். இறக்கையைப் பெரிதாக்கச் செலவழிக்கும் பணத்தைக் கம்பத்துக்குக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

- நூறு மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விடப் பத்து மீட்டர் மேலே சுழலி நிற்பதே உலகெங்கும் சொல்லும் விதி. ஊருக்குள் இது நடக்காது. மரமில்லாத வயல்காடு, பொட்டல் போன்ற திறந்த இடமாகத் தேடுங்கள்.
- சாய்த்து இறக்கும் கம்பமாகவே செய்யுங்கள். அடியில் கீல், நான்கு திசையிலும் இழுகம்பி, தூக்கிவிட ஒரு துணைக் குழாய். நங்கூரத்துக்கும் கம்பத்தடிக்கும் உள்ள தூரம் கம்ப உயரத்தில் பாதியாவது இருக்கட்டும்.
- நங்கூரத்துக்குக் குழி வெட்டிக் கான்கிரீட் போடுங்கள். செம்புறாங்கல் தட்டும் இடத்தில் குழி வெட்டக் கஷ்டம். ஆனால் பிடிப்பு பலமாக இருக்கும். இளக்கமான மணலில் குழியை ஆழமாக்குங்கள்.
- இழுகம்பியின் ஒவ்வொரு முனைக்கும் மூன்று கிளாம்ப். ஒரு வாரம் கழித்து மறுபடி முறுக்குங்கள்.
- மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே சொல்லி அனுமதி கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

- செட்டிநாட்டு வீட்டின் மேல் நடாதீர்கள். ஓட்டுக் கூரையின் விளிம்பில் காற்று சுழன்று கலங்கும். இறக்கைக்கு அது விஷம். அதிர்வு சுவரில் இறங்கி, மூன்று நான்கு தலைமுறை நின்ற சுண்ணாம்புப் பூச்சைப் பிளக்கும்.
- தென்னையிலோ பனையிலோ கட்டாதீர்கள். மரம் ஆட ஆட இழுகம்பி தளரும்.
- மின்கம்பிக்கு அருகே நடாதீர்கள். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம், அதற்கு மேலும் சில மீட்டர், கட்டாயம்.
- இழுகம்பிக்கு நைலான் கயிறு வேண்டாம். வெயிலில் இற்றுப்போகும்.

6. ஒயரிங்: பிரேக் சுவிட்ச் முதலில், விளக்கு கடைசியில்

மூன்று ஒயரும் ஜெனரேட்டரிலிருந்து நேராகத் தரைக்கு வர வேண்டும். அங்கே முதலில் பிரேக் சுவிட்ச், பிறகு டயோடு பிரிட்ஜ், பிறகு ஃபியூஸ், பிறகு பேட்டரி. சுவிட்சைப் போட்டால் மூன்று ஒயரும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். காயலாங்கடையில் கையில் உணர்ந்த அதே இழுவை சுழலியைத் தவழும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் தகட்டைத் துண்டித்துவிடும். தகடு சும்மா வெயிலில் கிடக்கும். காற்றாலையைத் துண்டித்தால் அதன் சுமை போய்விடும். சுமை போன சுழலி கட்டுக்கடங்காத வேகம் பிடிக்கும். ஆகவே காற்றாலையைத் துண்டிக்கக்கூடாது. மிஞ்சும் மின்சாரத்தை வேறிடத்தில் செலவழிக்க வேண்டும். பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட்டதும் பழைய வண்டியின் ஹெட்லைட் பல்புகளுக்கோ ஹீட்டர் காயிலுக்கோ மின்சாரத்தைத் திருப்பிவிடும் காற்றாலைக் கன்ட்ரோலர் வாங்கிப் போடுங்கள். பேரிங்கைப் போலவே இதுவும் புதிதாக வாங்கியே தீர வேண்டிய சாமான்.

செய்ய வேண்டியவை

- சரியான கனத்தில் ஒயர் போடுங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 3 ஆம்பியர் டி.சி. போனால் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. ஒயரில் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும்.
- ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகே போடுங்கள்.
- கம்பத்துக்குத் தனி எர்த் போடுங்கள். நம் வறண்ட சரளை மண்ணில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

செய்யக்கூடாதவை

- மின்வாரிய இணைப்போடு எந்த விதத்திலும் சேர்க்காதீர்கள். கரண்ட் போன நேரத்தில் உங்கள் இன்வெர்ட்டர் வழியாகப் பின்னோக்கிப் போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரை எடுக்கும். 12 வோல்ட் விளக்குக்குத் தனி ஒயர், தனி சுவிட்ச்.
- பிரேக் சுவிட்சுக்கு வீட்டு லைட் சுவிட்ச் போடாதீர்கள். கனமான கத்தி சுவிட்ச் வேண்டும்.
- சூறைக்காற்று உச்சத்தில் அடிக்கும்போது பிரேக்கை நம்பிப் போடாதீர்கள். சின்னக் காயில் தாங்காமல் எரியலாம். காற்று ஏறும் முன்பே போட்டுவிடுங்கள்.

7. பேட்டரி: சொந்த ஊர்ப் பாடம்

காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் வீட்டு வாசலில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பேட்டரியையும் உலோக அரிப்பையும் இங்கேயே ஆராய்ந்துவருகிறது. அப்படிப்பட்ட ஊரில் பேட்டரியைத் தெரியாத்தனமாகக் கையாளக்கூடாது.

செய்ய வேண்டியவை

- பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை வாங்கினால், முழுச் சார்ஜ் ஏற்றி ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். 12.6-ஐ ஒட்டி நின்றால் உபயோகிக்கலாம். 12-க்குக் கீழே இறங்கினால் வாங்காதீர்கள்.
- காற்றோட்டமான இடத்தில், உயரமான மரப்பலகை மேல் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.
- காய்ச்சிவடித்த தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். ஊற்றும்போது கண்ணாடி, கையுறை கட்டாயம். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

- மூடிய ஸ்டோர் ரூமிலோ சாமி விளக்கு எரியும் இடத்திலோ வைக்காதீர்கள்.
- பேட்டரியை அடியோடு காலியாக்காதீர்கள். 11.8 வோல்ட்டில் விளக்கை அணைத்துவிடுங்கள்.
- செத்த பேட்டரியை நீங்களே உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

8. கம்பம் ஏற்றும் நாள்

காற்று எழாத அதிகாலையாகப் பாருங்கள். முதல் தடவை காற்றாலையை மாட்டாமல் வெறுங்கம்பத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். பக்கத்து இழுகம்பி இரண்டுக்கும் ஒவ்வோர் ஆள், பின்னால் பிடித்து விட ஓர் ஆள், இழுக்க இரண்டு பேர். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டுமே வர வேண்டும். கம்பம் நேராக வரும் கடைசி நொடியில்தான் ஆபத்து அதிகம்: அதுவரை பின்னோக்கி இழுத்த எடை, நிமிர்ந்ததும் முன்னோக்கிச் சாயும். பின்னால் பிடிப்பவர் அப்போது கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- பிரேக்கைப் போட்ட நிலையிலேயே ஏற்றுங்கள். எல்லா இழுகம்பியும் இறுகிய பிறகு, எல்லோரும் விலகிய பிறகு, பேட்டரியைச் சேர்த்துவிட்டுப் பிரேக்கை எடுங்கள்.
- பத்து நிமிடம் ஓட விட்டு மீண்டும் பிரேக் போடுங்கள். நிற்கிறதா, அதிர்வு இருக்கிறதா, ஒயர் சுடுகிறதா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

- கம்பத்தின் நேர்கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். பிள்ளைகள் கம்ப உயரத்தைவிட அதிகத் தூரத்தில் நிற்கட்டும்.
- சுழலும்போது கம்பத்தில் ஏறாதீர்கள். நின்றிருந்தாலும் ஏறாதீர்கள்; சாய்த்து இறக்கி வேலை பாருங்கள்.

9. ஓடத் தொடங்கிய பிறகு

செய்ய வேண்டியவை

- மாதம் ஒருமுறை இறக்கி, நட்டு, இறக்கை, பேரிங், இழுகம்பி நான்கையும் பாருங்கள். ஆனி மாதத்துக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும் முழுச் சோதனை.
- புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னந்தோப்புகளையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. வீட்டில் செய்த கம்பம் அதற்கு முன் எம்மாத்திரம்?
- ஒரு நோட்டில் தினமும் காற்றும் வோல்ட்டும் எழுதுங்கள். ஒரு வருடக் குறிப்பு, உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத தகவல். அதைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

- புதுச் சத்தம் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சத்தம் கேட்ட நிமிடமே பிரேக் போடுங்கள்.
- இடி மின்னல் நேரத்தில் கம்பத்தையோ ஒயரையோ தொடாதீர்கள்.
- ஊருக்குப் போகும்போது ஓட விட்டுப் போகாதீர்கள்.
- ஒரு வருடக் கணக்கு சாதகமாக இல்லையென்றால் மனம் தளராதீர்கள், பிடிவாதமும் பிடிக்காதீர்கள். அதே பேட்டரிக்குச் சூரியத் தகட்டைச் சேருங்கள்; காற்றாலையைத் திறந்த வெளியுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். போல்ட்டால் சேர்த்த எதையும் பிரித்து மறுபடி சேர்க்கலாம். அதைப் பிரித்துச் சேர்க்கும் பிள்ளைக்கு முதலில் பிரேக் சுவிட்சைக் காட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.